எண்பத்தைந்துக்குக் கீழே

அளவுநாடாவில் முதல் சென்டிமீட்டர்தான் முதலில் தேயும். தையல் வேலையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விரல் எப்போதும் அந்த முனையையே பிடிப்பதால் எண் அழிந்து, துணி நைந்து, ஓரத்துத் தகடு ஆடத் தொடங்கும். அதனால் நான் வருடத்துக்கு ஒருமுறை புது நாடா வாங்கிவிடுவேன். போன வருடம் மட்டும் வாங்கவில்லை.

உட்காருங்கள், மியாகே சான். கோப்பை அந்தப் பக்கம் வைத்துவிடுங்கள், தேநீர் சிந்திவிடும். உங்களை நான் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஜனவரியில் நான் தொலைபேசியில் சொன்ன என் கணவரின் எடை எழுபத்தைந்து கிலோ. மார்ச்சில் மருத்துவமனையில் எடுத்த எடை ஐம்பத்தெட்டு. சுகாதார நிலையத்தில் இருப்பவர் நீங்கள், இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க மாட்டீர்கள். எங்கே தவறு நடந்தது என்று கேட்க வந்திருக்கிறீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால், தவறு உங்களுடையதோ என்று பயப்படுகிறீர்கள் போலிருக்கிறது. இல்லை. நீங்கள் நன்றாகவே வேலை செய்தீர்கள். இந்த ஆரஞ்சை உரித்துக்கொள்ளுங்கள், இந்த வருடத்தின் கடைசி ஆரஞ்சு. நான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

போன ஜூன் மாதம் பேருந்து பணிமனையில் வருடாந்தரப் பரிசோதனை நடந்தது. என் கணவர் தெட்சுரோவின் இடுப்பு எண்பத்தொன்பது புள்ளி நான்கு சென்டிமீட்டர். ஆண்களுக்கு எண்பத்தைந்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம் என்பதால், அவரை உங்களிடம் அனுப்பி வைத்தார்கள். சமைப்பவரும் வர வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள், நானும் வந்தேன். ஒரு கிலோ கொழுப்பு எப்படி இருக்கும் என்று காட்ட, மஞ்சள் ரப்பரில் செய்த ஒரு கட்டியை மேசை மேல் வைத்தீர்கள். தெட்சுரோ அதைக் கையில் எடுத்து எடை பார்த்தார்.

"கோழித் தோல் மாதிரி இருக்கு. இதுல எத்தனைம்மா என் வயித்துல?"

"ஒரு அஞ்சாறு இருக்கும் ஐயா."

"வாடகை குடுக்காம அஞ்சு வருஷமா குடியிருக்கான் பாருங்க."

நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். என் கணவர் வேடிக்கையாகப் பேசக்கூடியவர் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். முப்பத்தொரு வருடத் திருமணத்தில், வீட்டுக்குள் அவர் பேசியது மூன்றே சொல். குளியல். சோறு. தூக்கம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் ஊர் கொஜிமாவில் பாதிப் பெண்களின் வீடு இப்படித்தான். பகல் முழுக்கப் பேருந்துகளின் நேரத்தைக் கூவிக் கூவி அனுப்புகிற மனிதருக்கு, வீட்டுக்கு வரும்போது சொல் மீதி இருக்காது என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன்.

நீங்கள் எழுதிக் கொடுத்த தாளை அடுப்புக்கு மேலே ஒட்டினேன். வறுத்ததும் பொரித்ததும் இல்லை. அரைக் கிண்ணம் பார்லி கலந்த சோறு, அவித்த கோழி நெஞ்சு, தோஃபு, கருணைக்கிழங்கு மாவில் செய்த அந்த வழவழக் கட்டி. அதைப் பார்த்தாலே அவர் பெருமூச்சு விடுவார். "இதைச் சாப்பிட்டா இளைக்காம என்ன செய்யும்? அழிரப்பரைத் தின்னா யாருக்குச் சதை போடும்?" என்பார். ஆனால் ஒரு துண்டு மிச்சம் வைக்க மாட்டார். தாளில் எழுதியிருந்தால் அவருக்கு அது கால அட்டவணை மாதிரி. அப்புறம் தினமும் காலையில் நாற்பது நிமிட நடை. தனியாகப் போனால் பாதியில் திரும்பிவிடுவேன், நீயும் வா என்றார்.

மியாகே சான், நீங்கள் இளம் பெண், உங்களுக்கு இது புரியுமா என்று தெரியவில்லை. முதல் நாள் காலை ஐந்தரை மணிக்குக் கடல் சுவர் ஓரம் நடந்தோம். பெரிய பாலத்தின் மேல் ரயில் போய்க்கொண்டிருந்தது. பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, என்னைப் பார்க்காமலே, நான்காம் எண் பேருந்து ஏன் தினமும் இரண்டு நிமிடம் தாமதமாகப் போகிறது தெரியுமா என்று கேட்டார்.

"ஏன்?"

"ஓட்டுநர் கவாய்க்கு ஒரு பூனை. கோயில் நிறுத்தத்துல உக்காந்திருக்கும். அது சாலையைக் கடந்தாத்தான் வண்டியை எடுப்பான். அதுவா? அது நின்னு நிதானமா, அக்கம் பக்கம் பாத்துக் கடக்கும். நான் என்ன பண்ணேன், அட்டவணையிலேயே ரெண்டு நிமிஷம் சேத்துட்டேன். யாருக்கும் தெரியாது."

இருபது வருடமாக அந்தப் பேருந்தில் நான் மீன் சந்தைக்குப் போய் வருகிறேன். அந்தப் பூனையை நான் பார்த்திருக்கிறேன். அன்று வீட்டுக்கு வரும் வரை பேசிக்கொண்டே வந்தார். செருப்பைக் கழற்றினார். உள்ளே நுழைந்ததும், "குளியல்" என்றார்.

இப்படித்தான் நடந்தது. வாசலுக்கு வெளியே ஒரு கணவர், உள்ளே ஒரு கணவர். உள்ளே இருப்பவர் அந்தத் தாளையும் வயிற்றையும் பற்றி மட்டும் கூடுதலாக ஒரு வாக்கியம் பேசுவார். வெளியே இருப்பவர் வயிற்றுக்குப் பெயரே வைத்துவிட்டார், மேனேஜர் என்று. ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் இருப்பதால். கடல் சுவரில் தூண்டில் போடுகிற கிழவர் ஒகாசாகி அதைப் பிடித்துக்கொண்டார். தினமும் கேட்பார்.

"என்னப்பா, மேனேஜர் ராஜினாமா கடிதம் குடுத்தாரா?"

"பென்ஷன் கேக்குறாரு!"

"குடுத்துத் தொலையேன், உன் பொண்டாட்டி எத்தனை நாளைக்கு உன்கூட இழுபடுவா?"

ஞாயிறு மாலை குளித்து வந்ததும் அளவு எடுப்பது வழக்கம் ஆயிற்று. மூக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஈரத்துண்டோடு நிற்பார், எடைக் கருவியை நான் படித்துச் சொல்வேன், நாடாவைச் சுற்றி நான் படித்துச் சொல்வேன், நாட்காட்டியில் நானே எழுதுவேன். ஆகஸ்டில் எண்பத்தெட்டு. செப்டம்பரில் எண்பத்தாறு. உங்கள் தாளுக்கு நல்ல பலன் இருந்தது.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் நடந்துகொண்டிருக்கும்போது அவர் சொன்னார். "எண்பத்தி நாலு புள்ளி ஒம்போது வரட்டும். அன்னைக்கே ஸ்டேஷன் எதிர்ல போய்ப் பொரிச்ச பன்னிக்கறி. ரெண்டு தட்டு. மறுநாள்ல இருந்து இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. எட்டு மணி வரைக்கும் தூங்கப்போறேன்."

சந்தோஷமாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு, அக்டோபர் மூன்று, நாடா எண்பத்து நான்கு புள்ளி மூன்று காட்டியது. அவருடைய முதுகிலிருந்து சூடான ஆவி வந்துகொண்டிருந்தது. நான் நாடாவைப் பார்த்தபடி, "எண்பத்தஞ்சு புள்ளி ஆறு" என்றேன். அவ்வளவுதான். ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. துணி தைக்கும்போது கைக்கு வரும் பிழை அது. "மேனேஜர் பிடிவாதக்காரன்" என்றார் அவர். மறுநாள் ஐந்தரைக்கு எனக்கு முன்னால் எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார்.

மாத நடுவில் நீங்கள் தொலைபேசியில் கேட்டீர்கள். அவர் பணிமனையில் இருந்தார், நான் எடுத்தேன். எண்பத்தைந்தரை என்றேன். "கடைசிக் கொழுப்புதாம்மா எப்பவும் பிடிவாதமா இருக்கும். நல்லா சாப்பிட்டு, நல்லா நடந்தாலும் அது மட்டும் போகாது. மனசு விட்டுடாதீங்க" என்று நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அந்த வாக்கியத்தை நான் அவரிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். அவருக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

ஒரு நாள் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே அளந்து பார்க்கிறேன் என்றார். இந்த வார்த்தையை அவர் ஒருநாள் சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய வாரமே நாடாவின் முனைத் தகட்டைக் கழற்றி, முதல் மூன்று சென்டிமீட்டரை வெட்டி, தகட்டை மறுபடி அழுத்திப் பொருத்தியிருந்தேன். இடுப்பைச் சுற்றியதும் எண் வந்து முடிகிற இடத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். தொடங்குகிற இடத்தை யாரும் பார்ப்பதில்லை. அது என் விரலுக்குள் இருந்தது.

மீதி எல்லாம் என் தொழில். அவருக்குப் பணிமனைச் சீருடைக் கால்சட்டை மூன்று, வீட்டுக்கு இரண்டு. சனிக்கிழமை அவர் முடி வெட்டிக்கொள்ளப் போகும் நேரத்தில் பின் தையலைப் பிரித்து, ஒரு விரல் அகலம் உள்ளே பிடித்து, பழைய ஊசித் துளைகளைத் தேய்த்து மறைத்து, மறுபடி தைத்துவிடுவேன். பெல்ட்டைப் பக்கிள் பக்கம் வெட்டினேன். தெரியாதவர்கள் துளை இருக்கும் முனையை வெட்டுவார்கள், பிறகு மாட்டிக்கொள்வார்கள். என் கணவர் கடைசி வரை மூன்றாம் துளையில்தான் மாட்டினார்.

பணிமனையில் நண்பர்கள் இளைத்துவிட்டாய் என்றார்கள். "அவனுங்க கிடக்கானுங்க, நாடா பொய் சொல்லுமா?" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். ஒருமுறை குளியலறைக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, கழுத்தெலும்பெல்லாம் தெரியுதே?"

"மேல இருந்துதாங்க இறங்குமாம். வயிறுதான் கடைசி. அந்த மியாகே பொண்ணு சொல்லலையா?"

"சொன்னா, சொன்னா" என்றார்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள், இனிமேல்தான் எழுத வேண்டியது இருக்கிறது.

நவம்பரில் நாடாவிலிருந்து இன்னும் இரண்டு சென்டிமீட்டர் எடுக்க வேண்டியிருந்தது. கால்சட்டையைப் பிரித்தபோது ஒன்று கவனித்தேன். நல்லபடியாக இளைக்கிற ஆணுக்கு முன்பக்கம்தான் தளரும். இவருக்குப் பின்பக்கம் காலியாகியிருந்தது. உட்காரும் இடத்தில் துணி வெறும் பையாகத் தொங்கியது. இதை நான் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஏழு வருடத்துக்கு முன், மீன் சந்தையில் கடை வைத்திருந்த ஹாஷிமோதோவின் கால்சட்டையை அவருடைய மனைவி ஒரே கோடையில் மூன்று தடவை பிடிக்கக் கொண்டுவந்தாள். "உடம்பு இறங்கினதுல கொழுந்தன் மாதிரி ஆயிட்டாரு, பாக்க அழகா இருக்காரு" என்று அவள் பெருமையாகச் சொன்னாள். அதிலும் பின்பக்கம்தான் காலி. செப்டம்பரில் அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். நவம்பரில் அவள் துக்கத்துக்கு உடுத்தும் தன் கறுப்பு உடையின் மடிப்பை இறக்கக் கொண்டுவந்தாள்.

ஆகவே எனக்குத் தெரியும். சந்தேகம் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. டாக்டர் மாதிரிப் பெயர் சொல்லத் தெரியாதே தவிர, எனக்குத் தெரியும். கால்சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பிடித்துத் தைத்தேன்.

ஒகாசாகிக் கிழவருக்கும் தெரிந்துவிட்டது. டிசம்பரில் ஒரு காலை, தெட்சுரோ முன்னால் போய்விட்டார், கிழவர் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கேலி எதுவும் இல்லை.

"ஏம்மா, அவனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. மேனேஜர் எப்பவோ போயாச்சு. இப்ப தொழிலாளிங்க போய்க்கிட்டு இருக்காங்க."

நன்றி சொன்னேன். பிறகு தெட்சுரோவிடம், நாளையிலிருந்து மேட்டுக் கோயில் பக்கம் நடக்கலாம், ஏற்றத்தில் நடந்தால் வயிறு சீக்கிரம் கரையும் என்றேன். அவர் உடனே ஒப்புக்கொண்டார். அந்தப் பக்கம் பூவரசு மாதிரிப் பளபளவென்று இலை வைத்த காமெலியா மரங்கள், சிவப்புப் பூ உதிர்ந்து படியெல்லாம் கிடக்கும். அவர் மூச்சு வாங்க நின்று நின்று ஏறுவார், நின்ற இடத்திலெல்லாம் ஒரு கதை சொல்வார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ரயில் ஓட்டுநர் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டாராம். கண்பார்வை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். முப்பத்தொரு வருடமாக எனக்கு இது தெரியாது.

ஜனவரியில் நீங்கள் கடைசித் தடவையாகக் கேட்டீர்கள். எண்பத்தைந்து புள்ளி நான்கு, எழுபத்தைந்து கிலோ என்றேன். உண்மையில் அறுபத்து நான்கு. சோற்றை இன்னும் ஒரு கைப்பிடி குறைக்கலாம், நடையை ஆயிரம் காலடி கூட்டலாம் என்றீர்கள். இரண்டையும் செய்தோம். உங்களைக் குறை சொல்லவில்லை. நான் கொடுத்த எண்ணுக்கு அது சரியான யோசனைதான்.

பிப்ரவரியில் அவர் கை மஞ்சளாயிற்று. ஆரஞ்சு காலத்தில் எல்லார் வீட்டிலும் யாராவது ஒருவர் கை மஞ்சளாகும், குழந்தைகள்கூடக் கையைக் காட்டிச் சிரிப்பார்கள். பெட்டி பெட்டியாகத் தின்றால் அப்படித்தான். அவருக்குத் தின்பண்டம் என்று நாங்கள் விட்டுவைத்திருந்ததே அந்த ஆரஞ்சு மட்டும்தான். "இன்னும் ரெண்டு தின்னா என்னையும் பெட்டியில அடுக்கிச் சந்தைக்கு அனுப்பிடுவே" என்றார். ஆரஞ்சு கையைத்தான் மஞ்சளாக்கும், கண்ணின் வெள்ளையை ஆக்காது. அதுவும் எனக்குத் தெரியும். குளியலறைக் கண்ணாடி முன்னால் நிற்கும்போது அவர் மூக்குக் கண்ணாடி போட்டிருக்க மாட்டாரே.

மார்ச் ஒன்பதாம் தேதி, நான்காம் எண் பேருந்தைக் கூவி அனுப்பிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்தார். ஓட்டுநர் கவாய்தான் தூக்கியிருக்கிறார். சிறு பிள்ளையைத் தூக்குவது போல் இருந்தது என்று என்னிடம் சொல்லி அழுதார். மனிதர் பூனைக்கே வண்டியை நிறுத்துகிறவர்.

டாக்டர் அமைதியானவர். கணையம் என்றார். இலையுதிர் காலத்திலேயே வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம், நான்கு வருடம், ஐந்து வருடம்கூடக் கிடைத்திருக்கலாம் என்றார். இப்போது ஜூன் மழைக்காலம் வரைதானாம்.

நான் இதை யோசித்துப் பார்க்காமல் இல்லை, மியாகே சான். நவம்பரில் அந்தக் கால்சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னேனே, அப்போது இதைத்தான் யோசித்தேன். மீன்காரர் மனைவி என்னிடம் சொன்னாள், மருத்துவமனைக்குப் போனபின் அவர் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான், இரண்டு வார்த்தை பேசவில்லை என்று. ஐந்து வருடம் கிடைக்கும் என்றே வைத்துக்கொள்வோம். குளியல், சோறு, தூக்கம் என்று ஐந்து வருடம். இந்தப் பக்கம் நூற்று ஐம்பது காலை. எனக்கு அந்தக் காலைகள் போதுமானதாகத் தோன்றியது. யாருடைய ஐந்து வருடம் என்று நீங்கள் கேட்கலாம். அப்படி நான் அன்று கேட்டுக்கொள்ளவில்லை. இருவரும் சேர்ந்து வாழ்வதுதானே திருமணம்.

அவர் இப்போது சந்தோஷமாக இருக்கிறார், நீங்களே போய்ப் பாருங்கள். டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார், அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் காலையில் நான் போனதும் முதலில் இடுப்பைத்தான் காட்டுவார். நாடாவில் இப்போது முதல் எண் பதினெட்டு. நேற்று எண்பத்தைந்து புள்ளி இரண்டு. "இன்னும் மூணு மில்லி. சமையக்காரன் எண்ணெயைக் காய வைக்கட்டும்" என்றார். சோறு இறங்காமல் பத்து நாளாகிறது. பிறகு மருந்துப் பாட்டில் தொங்கும் கம்பியை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, இன்னொரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் ஆறு சுற்று வருகிறோம். செவிலியர் எல்லோரும் கேலி செய்கிறார்கள், புதுமணத் தம்பதி என்று.

உங்கள் பதிவேட்டில் எண்களைத் திருத்திக்கொள்ளுங்கள். உண்மையான எண்கள் எல்லாம் இந்த நாட்காட்டியின் பின்பக்கத்தில் பென்சிலால் இருக்கின்றன, வாரம் தவறாமல். யாரிடம் கொடுக்க வேண்டுமோ கொடுங்கள். அவரிடம் மட்டும் சொல்ல வேண்டாம். சொன்னால் நடப்பதை நிறுத்திவிடுவார். எண்பத்தைந்துக்குக் கீழே போனால் நிறுத்திவிடுவேன் என்று அவரேதானே சொன்னார். இத்தனைக்கும் காரணம் அந்த ஒரு வாக்கியம்தான்.

வேறு என்ன? ஆமாம், அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒருமுறை பேசினார், கேட்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன். புத்தாண்டு அன்று. முதல் சூரியனைப் பார்க்க ஊரே மேட்டுக் கோயிலில் நின்றது, நாங்களும் நின்றோம். கடல் சிவந்து, பாலத்தின் கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. எல்லோரும் கைகுவித்துக்கொண்டிருக்கும்போது அவர் என் பக்கம் சாய்ந்து சொன்னார்.

"ஏம்மா, எண்பத்தஞ்சு வந்தாலும் நடையை நிறுத்த வேணாம். எனக்கு இது பழகிப்போச்சு. உன்கூடப் பேசிக்கிட்டே வர்றது நல்லாத்தான் இருக்கு."

அன்று அவர் இடுப்பு எழுபத்தாறு.

"முதல்ல எண்பத்தஞ்சு வரட்டும்" என்றேன். அவர் சிரித்தார். இறங்கும்போது, எனக்காக, கொஞ்சம் வேகமாக நடந்தார்.